‘ரொம்ப யோசிக்காதே’ என்று சொல்பவர்களுக்கு

“நீ ரொம்ப யோசிக்கிறே.” இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். அப்பா சொல்வார், அண்ணன் சொல்வான், கணவன் சொல்வான், மேலதிகாரி சொல்வார். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரும் தலைநிமிராமல் சொல்வார். இப்போது இதற்கு ஆங்கிலப் பெயரும் வந்துவிட்டது, ஓவர்திங்கிங். என் வகுப்பில் பத்தொன்பது வயதுப் பெண்கள் “நான் ஒரு ஓவர்திங்கர் மேம்” என்று ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள்.

ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். “பஸ்ஸுல பின்னாடி நின்ன ஆளோட கை மூணு தடவை பட்டுச்சு மேம். கூட்டம்தான். தெரியாமப் பட்டிருக்கலாம். நான்தான் ஓவர்திங்க் பண்றேனா?” மூன்று முறை பட்டதை அவள் எண்ணியிருக்கிறாள். இடம் மாறி நின்ற பிறகும் அந்த ஆள் நகர்ந்து வந்ததைக் கவனித்திருக்கிறாள். அவளுடைய மூளை அதன் வேலையைத் துல்லியமாகச் செய்திருக்கிறது. ஆனாலும் அவள் சந்தேகப்படுவது அந்தக் கையை இல்லை, தன் மூளையை. இந்தக் கட்டுரை முழுக்க என் கோபம் இதன்மேல்தான்.

நான் ஏற்காட்டில் குடியிருந்து சேலத்தில் வேலை பார்ப்பவள். தினமும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறுகிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊர், கொஞ்ச காலமாக மனக்கவலைக்கு மருந்தாக விற்கப்படுகிறது. காப்பித் தோட்டத்து நடுவே யோகா, ஏரிக்கரையில் தியானம், ‘நெகட்டிவ் எண்ணங்களைக் கீழே விட்டுவிட்டு மேலே வாருங்கள்’ என்ற தொனியில் விளம்பரங்கள். வாரக்கடைசியில் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. அவற்றில் வரும் பெண்களில் பலர், ஏரியில் படகு மிதக்கும்போதும் கைப்பேசியில் “காஸை மூடினியா? பாட்டிக்கு மாத்திரை குடுத்தியா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலை என்ன செய்யும், பாவம்.

முதலில் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மீறி யோசிப்பதால் வரும் துன்பம் பொய்யில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு முன்னால் நாத்தனார் சொன்ன ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் புரட்டுவது வாதை. அதை ‘பெண்ணின் நுண்ணுணர்வு’ என்று மாலை போட்டுக் கொண்டாட நான் வரவில்லை. என் சண்டை இரண்டு தரப்பினரோடு. ஒரு தரப்பு, யோசிப்பதையே நோயாக்கி ‘பாசிட்டிவாக இரு’ என்று வாயை அடைக்கிறது. இன்னொரு தரப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆணாதிக்கமே காரணம், சமூகம் மாறும்வரை மனநல வைத்தியமெல்லாம் ஏமாற்று வேலை என்று சொல்லி, தூக்கம் வராத பெண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. இருவரையும் வைத்துக்கொண்டு நம்மால் பிழைக்க முடியாது.

நம் மொழியைக் கொஞ்சம் பாருங்கள். ‘விசாரம்’ என்றால் கவலை. ‘விசாரம்’ என்றால் ஆராய்ச்சியும்தான். திருவண்ணாமலையில் ரமணர் ‘நான் யார்?’ என்று கேட்டு உட்கார்ந்தால் அது ஆன்ம விசாரம். அதே கேள்வியை ஒரு மருமகள் அடுப்படியில் நின்று ‘இந்த வீட்டில் நான் யார்?’ என்று கேட்டால் அது மனவிசாரம், டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டிய சங்கதி. மலையேறி யோசித்த ஆண்களை ஞானி என்கிறோம். பெண் யோசித்தால் ‘இவளுக்கு வேலை பத்தலை’ என்கிறோம். ‘கவலை’ என்ற சொல்லுக்கும் பழந்தமிழில் இன்னொரு பொருள் உண்டு: கிளை பிரிகிற வழி. வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பது கவலை. எனக்கு இந்தப் பொருள் மிகவும் பிடிக்கும். வழி பிரியும் இடத்தில் நின்று யோசிப்பதில் என்ன கேவலம்? அங்கேயே காலமெல்லாம் நிற்க வைக்கப்படுவதுதான் கொடுமை.

பெண்கள் அப்படி என்னதான் யோசிக்கிறோம்? நாளைக்கு மாவு இருக்கிறதா. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும். சின்னவளுக்குப் பரீட்சைக் கட்டணம் கடைசித் தேதி எது. மாமனாரின் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளுக்கு வரும். கல்யாண வீட்டுக்கு மொய் எவ்வளவு, போன முறை அவர்கள் நமக்கு எவ்வளவு வைத்தார்கள். கணவன் இன்று எந்த மனநிலையில் வருவான், எந்தப் பேச்சை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது. இதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இது கை செய்யும் வேலையின் கணக்கு. அந்தக் கை அசைவதற்கு முன்னால் தலை செய்கிற வேலைக்குத் தனிக் கணக்கு இதில் இல்லை.

2017இல் எம்மா என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரர் இதைத்தான் ஒரு படக்கதையாக வரைந்தார். வீட்டில் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பாரம் ஒருத்தியின் தலையில் இருக்கிறது. ஆணோ ‘சொல்லியிருந்தால் செய்திருப்பேனே’ என்கிறான். சொல்வதற்காக நினைத்துக்கொண்டே இருப்பதே ஒரு முழுநேர வேலை என்பது அவனுக்கு உறைக்கவில்லை. உலகம் முழுக்கப் பெண்கள் அந்தப் படக்கதையைப் பகிர்ந்தார்கள். நம் ஊர் ஆண்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. “சொன்னாத்தானேடி தெரியும்?” என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

ஆக, நடப்பது இதுதான். ஒரு வீட்டின் மொத்த யோசனையையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுகிறார்கள். அவள் யோசித்தால் வீடு நடக்கிறது. யோசித்து யோசித்து அவளுக்குத் தூக்கம் கெட்டதும், “நீ ஏன் இவ்வளவு யோசிக்கிறே?” என்கிறார்கள். பாரம் ஏற்றியவர்களே வண்டி முனகுகிறது என்று குறை சொல்கிறார்கள்.

கடந்த ஆண்டு இங்குள்ள ஒரு விடுதியில் பெண்களுக்கான ஒருநாள் மன அமைதி முகாம் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். சாயங்காலம் விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, மனதை அரிக்கும் நெகட்டிவ் எண்ணங்களை எழுதித் தீயில் போடச் சொன்னார் பயிற்சியாளர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர், எழுதி முடித்து என்னிடம் காட்டினார். மூன்று வரி. கணவர் குடித்துவிட்டு மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம். இடது மார்பில் கட்டி.

“எரிச்சாப் போயிடுமா கண்ணு?” என்று கேட்டார். எல்லோரும் கைதட்ட, தாள் தீக்குள் போனது.

அந்தக் கட்டி இரண்டு வருடமாக இருந்தது. ஏன் காட்டவில்லை என்று இறங்கும் வழியில் கேட்டேன். சேலத்துக்குப் போய்வர ஒரு நாள் ஆகும். விடுப்புச் சொல்ல வேண்டும். கணவரிடம் காரணம் சொல்ல வேண்டும், எந்த இடம் என்று சொல்ல வேண்டும். ஆண் மருத்துவராக இருந்தால்? கெட்டது என்று சொல்லிவிட்டால் மகள் படிப்பு? ஒவ்வொரு ராத்திரியும் இந்தக் கேள்விகள் வரிசையாக வந்து நின்று, ஒவ்வொரு காலையும் பதில் இல்லாமல் கலைந்துபோயிருக்கின்றன. அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. “ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரி செத்தேன். டெஸ்டு முடிய ஒரு வாரம்தான் ஆச்சு” என்றார்.

நல்ல முடிவு வந்தது அவருடைய அதிர்ஷ்டம். கெட்ட முடிவாக இருந்திருந்தால்? அவர் தலைக்குள் வந்த எண்ணங்களிலேயே மிகச் சரியான, மிக ஆரோக்கியமான எண்ணம் அந்த மூன்றாவது வரிதான். அதைத்தான் நெகட்டிவ் என்று பெயர் வைத்து எரிக்கச் சொன்னார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். அந்தச் சிந்தனைச் சுழலும் அவரைத் தடுத்து வைத்திருந்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கவலையை அசைபோடும் பழக்கம் அதிகமுள்ளவர்கள் மருத்துவரிடம் போவதை மற்றவர்களைவிடத் தள்ளிப்போட்டிருந்தது தெரியவந்தது. மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கும். மனது அசைபோட்டால் செரிப்பதில்லை, செயலும் பிறப்பதில்லை. யோசனை வேறு, அசைபோடுதல் வேறு. ‘ரொம்ப யோசிக்காதே’ என்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி எரிக்கிறார்கள்.

இந்த அசைபோடுதலை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர். 1989 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பலரின் மனப்பழக்கங்களை அவர் பதிவு செய்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் அசைபோடுகிறார்கள் என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. 2003இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே, அதிகம் யோசிக்கும் பெண்களைப் பற்றியதுதான். சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் இவ்வளவையும் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் என்றால் இப்படித்தான் என்று முடித்துவிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஏறக்குறைய 1,100 பேரிடம் செய்த ஆய்வு. பெண்களுக்கு மனச்சோர்வு ஏன் அதிகம் என்பதற்கு அவர்கள் மூன்று காரணங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்று, ஓயாத நெருக்கடி: கூடுதல் வேலைச்சுமை, வீட்டில் மதிப்பில்லாமை போன்றவை. இரண்டு, தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்ற உணர்வு. மூன்று, அசைபோடுதல். மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதுதான் கண்டுபிடிப்பு. நெருக்கடி இருப்பதால் அசைபோடுகிறாள். அசைபோடுவதால் தன்னால் எதுவும் முடியாது என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதால் நெருக்கடியை மாற்ற எதுவும் செய்வதில்லை. மறுபடி நெருக்கடி. முகாம்காரர்கள் இந்த மூன்றில் முதலிரண்டைத் திண்ணையில் விட்டுவிட்டு, மூன்றாவதை மட்டும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்கார வைக்கிறார்கள்.

இது புதிதுமில்லை. 1887இல் அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்தபோது, சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற பெரிய மருத்துவரிடம் போனார். படுத்து ஓய்வெடு, நன்றாகச் சாப்பிடு, குழந்தையும் வீடுமாக இரு, படிப்பும் சிந்தனையும் நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பேனாவைத் தொடவே தொடாதே என்பது வைத்தியம். அந்த வைத்தியம் தன்னைப் பைத்தியத்தின் விளிம்புவரை கொண்டுபோனதாக அவர் பின்னால் எழுதினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதை 1892இல் வெளிவந்து இன்றுவரை படிக்கப்படுகிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சீட்டில் எழுதியிருப்பது மாறவில்லை: பெண்ணே, ஓய்வெடு, யோசிக்காதே. ஓய்வு எடுக்கும்போது வீட்டுவேலையை யார் செய்வது என்பது மட்டும் அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுதுவதில்லை.

ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்க வருபவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களைக் காட்டி, “இவங்களைப் பாருங்க, உழைக்கிறாங்க, தூங்குறாங்க. இந்த ஓவர்திங்கிங் எல்லாம் வசதியான வீட்டு வியாதி” என்பார்கள். இதைச் சொல்பவர்கள் அந்தப் பெண்களில் ஒருவரிடமாவது பேசியிருக்க மாட்டார்கள்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்தத் தோட்டங்களில் பெண்கள் பாடுபடுகிறார்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்கள், கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட தலித் பெண்கள். நவம்பர் தொடங்கினால் மாசி வரை பறிப்பு. குளிரில் விரல் விறைக்க, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும், பச்சையை விட வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்த மிளகு வேறு இருக்கிறது. அட்டை கடிக்கும், மழை பெய்யும். பறிப்பு முடிந்தால் அடுத்த வேலை எப்போது என்று தெரியாது. அவர்களிடம் போய் ‘உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘தூக்கம் வருதா?’ என்று கேட்டுப் பாருங்கள். “எங்கே வருது? மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு” என்பார்கள். நெஞ்சுப் படபடப்பு, கைகால் குடைச்சல், தலைபாரம் என்று மருந்துக்கடைக்குப் போய் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் பறிப்புக்குப் போவார்கள். மேஸ்திரியின் பார்வை சரியில்லை என்று உள்ளுக்குள் புழுங்குபவர் இருப்பார். அதைச் சொன்னால் வேலை போகுமா என்று அதைவிட அதிகமாகப் புழுங்குவார். உழைப்பு கவலையைத் தின்றுவிடும் என்பது உழைக்காதவர்கள் எழுதிய கவிதை.

இது கவிதை விவகாரமும் இல்லை, உயிர் விவகாரம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் 23,000க்கும் மேல். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண்களே பாசிட்டிவாக யோசியுங்கள் என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இனி நம் பக்கத்துத் தோழர்களிடம் பேச வேண்டும். மன வைத்தியம் என்பது பெண்ணை அநீதிக்குப் பழக்கும் தந்திரம் என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். சில கைகளில் அப்படித்தான் ஆகிறது. ஆனால் தூக்கமில்லாத பெண்ணால் புகார் எழுத முடியாது. நாள் முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்பவளால் சங்கத்துக்கு வர முடியாது. கெட்ட மனநிலையில் அசைபோடுகிறவர்களுக்குப் பிரச்சினையைத் தீர்க்கும் திறன் குறைந்துபோகிறது என்பதும், வெறும் எட்டு நிமிடம் கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் அது மீள்கிறது என்பதும் நோலன்-ஹோக்சிமாவின் சோதனைகளிலேயே தெரிந்தன. எட்டு நிமிடம் என்பது ஒரு தேங்காயைத் துருவும் நேரம். அந்த எட்டு நிமிடம் பிரச்சினையை மறக்க அல்ல, தெளிந்த தலையோடு அதன்மேல் பாய. இந்த உத்திகள் ஆயுதங்கள். எதிரி கையில் இருக்கிறது என்பதற்காகக் கத்தியையே வெறுத்தால் காய் எப்படி நறுக்குவது?

எனவே எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் உளவியலாளர் எட்வர்ட் வாட்கின்ஸ் காட்டிய ஒரு வழி எனக்குப் பயன்பட்டது, மாணவிகளுக்கும் பயன்பட்டது. அசைபோடும் மனது ‘ஏன்’ என்று கேட்கும்: ஏன் எனக்கு மட்டும் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கிறேன். இந்த ‘ஏன்’ கிணற்றுக்கு அடியே கிடையாது. அதை ‘எப்படி’ என்று மாற்ற வேண்டும். எங்கே, எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில்? ‘ஏன் அவர் என்னை மதிப்பதில்லை’ என்பது இரண்டு மணி வரை தூங்கவிடாது. ‘நாளைக் காலை பையனைப் பள்ளிக்கு யார் கிளப்புவது என்று இன்றைக்கே எந்த வார்த்தையில் சொல்வேன்’ என்பதற்குப் பதில் உண்டு.

கவலைப்பட நேரம் ஒதுக்குவது இன்னொரு வழி. நாளில் அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம். மற்ற நேரத்தில் வரும் கவலையைக் குறித்து வைத்து, அந்த அரை மணிக்குத் தள்ளிவைப்பது. தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் சோதித்துப் பார்த்த முறை இது. கேட்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும், எனக்கும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அரை மணி நேரம் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது? ஆனால் அந்தச் சிரிப்பிலேயே கோரிக்கை இருக்கிறது. அந்த அரை மணியைக் கேளுங்கள். மருத்துவக் காரணம் சொல்லிக் கேட்டாலும் சரி. அதைக் கொடுக்க வீட்டில் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி நோயின் முகவரி கிடைத்துவிடும்.

தோழியிடம் கொட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே விஷயத்தை இரண்டு பேரும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பேசினால் நட்பு இறுகும், மனச்சோர்வும் கூடும் என்று அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் பள்ளி மாணவ மாணவியரிடம் கண்டார். ‘ச்சே, ஆமாண்டி’ என்பதோடு நிற்கிற நட்பு அசைபோட இன்னொரு வாய். ‘சரி, இப்ப என்ன செய்யப்போறே? நான் கூட வரட்டுமா?’ என்று கேட்கிற நட்புதான் பஸ் ஏற வைக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்பதையே ஒரு நாட்டில் மருத்துவமாக்கியிருக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல் உண்டு. நேரடிப் பொருள், அளவுக்கு அதிகமாக யோசித்தல். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல் அவர்களுக்கு அந்நியம். ‘குஃபுங்கிசிசா’ என்றால் எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியும். 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், ஹராரே நகரத்தின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மரபெஞ்சு போட்டு உட்கார வைத்தார். அதன் பெயர் நட்பு பெஞ்சு. வருபவர் தன் எல்லாப் பிரச்சினையையும் கொட்டுவார். பாட்டி, ‘யோசிக்காதே’ என்று சொல்வதில்லை. இவற்றில் ஒன்றை நீயே தேர்ந்தெடு, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம் என்கிறார். பிறகு அவரை ஒரு குழுவில் சேர்க்கிறார்கள். அங்கே பெண்கள் கூடிப் பை பின்னியபடி பேசுகிறார்கள், கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். 573 பேரை வைத்துச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகக் குணம் தெரிந்தது. நெருக்கடி, கையாலாகாத உணர்வு, அசைபோடுதல் ஆகிய மூன்றையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததுதான் அந்தப் பாட்டிகள் செய்த வேலை.

நம் ஊரிலும் பெண்கள் பெயரில் ஓர் இருக்கை இருக்கிறது, லேடீஸ் சீட். சாயங்காலங்களில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வந்து உட்கார்ந்து கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பாராம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். அவர் என்ன யோசித்தார் என்று யாரும் கவலைப்படவில்லை. ரொம்ப யோசிக்காதே என்று யாரும் அவரிடம் சொன்னதாகவும் கதை இல்லை. துரைசானி உட்கார்ந்து யோசித்தால் சுற்றுலாத் தலம். தோட்டத்துப் பெண் அங்கே தனியாக அரை மணி உட்கார்ந்தால், ‘யாருக்காகக் காத்திருக்கே?’ என்ற கேள்வி முதலில் வரும்.

எனக்கு வேண்டியது இன்னொரு வகை இருக்கை. இந்த மலையின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் ஒரு பெஞ்சு. அதில் நம் ஊர்ப் பெண்களே, பயிற்சியும் சம்பளமும் பெற்று உட்கார வேண்டும். இது நடக்காத கதை இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் கூடவே ‘தூக்கம் வருதா அக்கா? மண்டைக்குள்ள என்ன ஓடுது?’ என்று கேட்கப் பயிற்சி கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2017இலேயே காட்டிவிட்டார்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவின் முகவரியும் பெஞ்சுக்கு மேலே எழுதியிருக்க வேண்டும். மேஸ்திரியை நினைத்துப் புழுங்குபவருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது.

அதுவரை நம் தலைக்குள் வரும் ஒவ்வோர் எண்ணத்திடமும் மூன்று கேள்வி கேட்போம். நீ எதைக் காட்ட வந்தாய்? நீ உண்மையில் யாருடைய வேலை? அடுத்து நான் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் என்ன? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது அசை, எழுந்து தேங்காய் துருவப் போங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் கணவன் பெயராகவோ மகன் பெயராகவோ இருந்தால், அதை எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். மறந்துபோனால் அவர்களே மறக்கட்டும், அவர்களே விளைவையும் பார்க்கட்டும். மூன்றாவதற்குப் பதில் கிடைத்தால், ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள். சாகலாம் என்று தோன்றுகிற அளவுக்கு இருந்தால் இந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு உடனே பேசுங்கள், கட்டணம் இல்லை. வீட்டில் அடி விழுகிறது என்றால் 181.

பஸ்ஸில் மூன்று முறை பட்ட கையை எண்ணிவைத்த அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். “நீ ஓவராக யோசிக்கவில்லை. சரியாக யோசித்திருக்கிறாய், பாதியில் நிறுத்திவிட்டாய். மிச்சத்தையும் யோசி: அடுத்த முறை என்ன செய்வாய்? கண்டக்டரிடம் எந்த வார்த்தையில் சொல்வாய்? பக்கத்தில் நிற்கும் பெண்ணை எப்படிக் கூப்பிடுவாய்?”

அவள் யோசித்தாள். அப்புறம் வகுப்பிலேயே எழுந்து, அதே பஸ்ஸில் வருபவர்கள் யார் யார் என்று கேட்டாள். ஏழு கைகள் உயர்ந்தன.